இடது தோளுக்கு மேல ஒரு பார்வை

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ரிட்டயர்ட் ஆனா ரோஜாப்பூ மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒண்ணு கையில கொடுத்து, மேளத்தோட வீடு வரைக்கும் கொண்டாந்து விடுவாங்க. எனக்கு இன்னும் முப்பது ஆகல, நானும் ரிட்டயர்ட். மாலையும் இல்ல, கடிகாரமும் இல்ல. மேனேஜர் கப்பல் ஏறினாரு, கம்பெனி கலைஞ்சுது, நான் பாலக்கரைக்குத் திரும்பி வந்தேன். அத்தாகிட்ட, அதாவது எங்க அப்பாகிட்ட, "ரிட்டயர்ட் ஆயிட்டேன்"னு சொன்னேன். "எந்த வேலையிலேருந்து?"ன்னு கேட்டாரு. நான் செஞ்சது ஒரு வேலைன்னே கடைசி வரைக்கும் அவருக்குப் படல.

இப்போ தென்னூர்ல ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில இருக்கேன். போன வாரம் முதலாளி புதுசா ரெண்டு பேரைச் சேர்த்தாரு. ரெண்டு பேரும் திருவெள்ளறைக்காரங்க. ஒரே ஊர்க்காரன், ஒத்துமையா செய்வான்னு ரெண்டு பேருக்கும் ஒரே எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்தாரு. ஒருத்தன் ஸ்பேனர் கேட்டா இன்னொருத்தன் கூரையைப் பாக்குறான். விசாரிச்சா வரப்புத் தகராறு, ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முதலாளி தலையைச் சொறிஞ்சாரு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. "ஏன் பாய் சிரிக்கிறீங்க?"ன்னு பட்டறையில எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தா சொல்றேன்னேன். வாங்கிக் கொடுத்தாங்க. சொன்னதையே எழுதியும் கொடுங்க, நம்ம தொழிலாளர் சங்க மலர்ல போடுவோம்னு அப்புறம் ஒருத்தர் வந்தாரு. எட்டாங்கிளாஸ்ல ரெண்டு தடவை உக்காந்தவன் எழுத்து எப்படி இருக்கும்? பேசுற மாதிரிதான் இருக்கும். படிங்க.

நான் செஞ்ச வேலை, வெள்ளைக்காரங்க மோட்டார் சைக்கிள் ரேஸ் கம்பெனியில வண்டி பாக்குற வேலை. தார் ரோட்டு ரேஸ் இல்ல. மைதானத்துல முட்டை வடிவத்துல ஒரு பாதை போட்டு, அதுல ரயில் எஞ்சின் கக்கின கரிச் சாம்பலைக் கொட்டி, தண்ணி தெளிச்சு, உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்துவாங்க. அதுமேல நாலு வண்டி, நாலு சுத்து. ஊருல அதுக்கு வச்ச பேரு சாம்பல் ரேஸ். வண்டிக்குப் பிரேக் கிடையாது. கியர் ஒண்ணே ஒண்ணு. எப்பவும் இடது பக்கமாத்தான் திரும்பணும். திருப்பம் வந்தா ஓட்டுறவன் இடது காலைக் கீழே ஊனி, பின்சக்கரத்தை வெளிப்பக்கமா வழுக்க விட்டே திருப்புவான். அந்தக் கால் பூட்சுக்கு அடியில இரும்புத் தகட்டுச் செருப்பு ஒண்ணு கட்டியிருக்கும். இல்லாட்டி முதல் நாளே பூட்ஸ் தேஞ்சு காலும் தேஞ்சிடும்.

பெட்ரோல் ஊத்த மாட்டாங்க, ஒரு மாதிரி ஸ்பிரிட். எஞ்சினுக்கு விளக்கெண்ணெய். தென்னூர் மைதானத்துல முதல் நாள் வண்டி ஓடினதும் அந்தப் பக்கம் பூரா விளக்கெண்ணெய் வாசனை. பேதிக்குக் கொடுக்கத் தேடுறாங்கன்னு நினைச்சு பாதிப் பிள்ளைங்க வீட்டை விட்டு ஓடிப்போச்சுங்க.

வேலை கத்துக்கிட்ட கதை சின்னது. தர்கா பக்கத்துல ஒரு சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருந்தேன். ரேஸ் கம்பெனி வந்து இறங்குச்சு, ஆள் கேட்டாங்க, போய் நின்னேன். ஒரு எஞ்சினைப் பிரிச்சுக் கொடுத்து மாட்டச் சொன்னாங்க. மாட்டினேன். ஒரு போல்ட் மிச்சம் இருந்துது. அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். வேலை கிடைச்சுது.

மேனேஜர் பேரு பார்க்கர். இங்கிலீஷ்காரர், அம்பது வயசு இருக்கும், பனங்கட்டை மாதிரி ஆளு. அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்ல. எதையும் கேள்வியாத்தான் சொல்லுவாரு. செயின் தொளதொளன்னு இருந்தா, "சிக்கந்தர், இந்தச் செயின் சரியா இருக்குன்னு உனக்குத் தோணுதா?"ன்னு கேப்பாரு. தோணுதுன்னு சொன்னா, "அப்படியா"ன்னு சொல்லிட்டு அங்கேயே நிப்பாரு. நாம கழட்டி மாட்டுற வரைக்கும் நிப்பாரு. என் சட்டைப் பையில இருந்த போல்டையும் அப்படித்தான் வெளியே எடுத்தாரு. "உன் பையில ஏதோ கனமா இருக்கோ?" அவ்வளவுதான் கேட்டாரு.

ரேஸ் அன்னிக்கு மத்தியானம் கையில ஒரு குச்சியோட பாதை பூரா ஒரு சுத்து நடப்பாரு. நாலடிக்கு ஒரு தடவை சாம்பல்ல குச்சியைக் குத்திப் பார்ப்பாரு. குச்சி லேசா இறங்கினா ஈரம் அதிகம். இறங்கவே இல்லன்னா காய்ஞ்சு போச்சு, தண்ணி வண்டியைக் கூப்பிடணும். ரேஸ் நடக்கும்போது மேடைப்பக்கம் உக்கார மாட்டாரு. ரெண்டாவது திருப்பத்துல வேலியோரம் தனியா நிப்பாரு. கோபம் வந்தா தொப்பியைக் கழட்டி உள்ளே என்ன இருக்குன்னு பாக்குற மாதிரி பாப்பாரு. தொப்பி கழண்டாலே வண்டி நிறுத்துற கொட்டகையில எல்லாரும் வாயை மூடிக்குவோம்.

அவரோட பெரிய சட்டம் ஒண்ணு உண்டு. ஒரே தேசத்து ஆளுங்களை ஒரே ஜோடியாப் போடணும். இங்கிலாந்துல கிளப்புங்க எல்லாம் அப்படித்தான் செய்யுதாம். வெளிதேசத்து ஆளை எடுத்தா ரெண்டு பேராத்தான் எடுப்பாங்க. ஒத்தையா வந்தவன் மழையிலயும் குளிர்லயும் ஊர் ஞாபகம் வந்து பாதி சீசன்ல மூட்டையைக் கட்டிடுவான். ரெண்டு பேரா இருந்தா ஒரே ரூம்ல தங்கிக்குவான், ஊர்ச் சாப்பாடு ஆக்கிக்குவான், வீட்டுக்காரம்மாவைத் திட்டணும்னா அவளுக்குப் புரியாத பாஷையில திட்டிக்குவான்.

ரேஸுக்கும் அதுதான் தோதுன்னு சொல்லுவாரு. நாலு பேர்ல ரெண்டு பேர் ஒரு கட்சி. முதல்ல வந்தா மூணு பாயிண்ட், அப்புறம் ரெண்டு, ஒண்ணு, கடைசிக்குச் சைபர். ஒருத்தன் மட்டும் பறந்து போய்ப் பிரயோசனம் இல்ல. முன்னாடி போறவன் கொஞ்சம் வெளிப்பக்கமா ஒதுங்கி, உள்பக்கம் ஒரு சந்து விட்டுக் கொடுக்கணும். பின்னாடி வர்ற ஜோடிக்காரன் அந்தச் சந்துக்குள்ள பூந்து வரணும். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல போனா பின்னாடி எவனும் முந்த முடியாது. அந்தச் சத்தத்துல வாயால சொல்ல முடியுமா? முன்னாடி போறவன் இடது தோளுக்கு மேல ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். பார்த்தான்னா, உள்ளே வா, வழி விட்டிருக்கேன்னு அர்த்தம். அந்த ஒரு பார்வையை நம்பி உயிரைச் சந்துக்குள்ள விடணும்.

இந்தச் சட்டத்தைப் பார்க்கர் துரை எங்களுக்கும் போட்டாரு. வண்டி பாக்குறவங்களும் ஜோடி ஜோடியா. எனக்கு ஜோடி சேஷாத்ரி. ஸ்ரீரங்கம், சித்திரை வீதி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கோயில்ல கைங்கரியம் பண்ற குடும்பத்துல பொறந்து கைக்கு கிரீஸ் பூசிக்கிட்டவன். எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு, நீங்க ஒரே ஊருதானேன்னு கேட்டாரு.

"இல்ல சார், இவர் ஸ்ரீரங்கம், நான் திருச்சி. நடுவுல காவேரி ஓடுது"ன்னேன்.

"பாலம் இருக்கோ இல்லையோ?"ன்னு கேட்டாரு துரை. முடிஞ்சுது.

சேஷு வண்டி கழுவினா திருமஞ்சனம்பான். டாங்க்ல ஸ்பிரிட் ஊத்தினா தீர்த்தம் சாதிச்சாச்சும்பான். நான் தொட்ட ஸ்பேனரைத் துடைச்சுட்டுத்தான் எடுப்பான். ஆசாரமான்னு கேட்டா, "ஆசாரம் இல்லடா, அழுக்கு"ம்பான். நாங்க ரெண்டு பேரும் காலையில வாயைத் தொறந்தா ராத்திரி சைக்கிள்ல அவன் பாலம் ஏறுற வரைக்கும் மூட மாட்டோம். ஒருத்தனை ஒருத்தன் வாரிக்கிட்டே இருப்போம்.

எங்ககிட்ட கொடுத்த ரெண்டு வண்டிக்கும் சொந்தக்காரங்க டென்மார்க் தேசத்துக்காரங்க. பெரியவர் யென்ஸ், முப்பத்தஞ்சு இருக்கும், முன்நெத்தி வழுக்கை, சாந்தமான ஆளு. சின்னவன் கார்ல், எங்க வயசுதான், சோளக்கொல்லை பொம்மை மாதிரி ஒல்லி, வைக்கோல் நிறத்துல முடி. யென்ஸ் வண்டி என்கிட்ட, கார்ல் வண்டி சேஷுகிட்ட. அவங்க பாஷை அந்த மைதானத்துல வேற ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க.

யென்ஸுக்கு ஏதாவது சொல்லணும்னா என்கிட்ட அரைகுறை இங்கிலீஷ்ல சொல்லுவாரு. நான் அதைத் தமிழ்ல சேஷுகிட்ட சொல்லுவேன். சேஷு அதை எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ்ல கார்ல்கிட்ட சொல்லுவான். பதிலும் அதே வழியில திரும்பி வரும். நாலு அடி தூரத்துல நிக்கிற ரெண்டு பேருக்கு நடுவுல பேச்சு பாலக்கரை போய், ஸ்ரீரங்கம் போய்ச் சேரும். சும்மா போகுமா? வழியில கொஞ்சம் மசாலா சேரும். "டயர்ல காத்து குறைவா இருக்கு"ன்னு யென்ஸ் சொன்னா, "உங்க ஆளு டயரும் அவன் மூஞ்சி மாதிரியே தொங்குதாம்"னு நான் சேஷுகிட்ட சொல்லுவேன். சேஷு அதுல மூஞ்சியை எடுத்துட்டு டயரை மட்டும் கொடுப்பான்.

ஏன் பேசிக்க மாட்டேங்கிறாங்கன்னு எங்க கம்பெனியில ஓட்டுற பில்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரன்தான் சொன்னான். அவனுக்கு மனசுல எதுவும் தங்காது, நல்ல ஆளு. யென்ஸ் முன்னே இங்கிலாந்துல ஒரு கிளப்புக்கு ஓட்டினவரு. அங்கே அவருக்கு ஜோடி, இந்தக் கார்லோட அண்ணன். ஒரு ரேஸ்ல யென்ஸ் முன்னாடி போனாரு, இடது தோளுக்கு மேல திரும்பிப் பார்த்தாரு, அண்ணன்காரன் சந்துக்குள்ள பூந்தான், யென்ஸ் வண்டி உள்பக்கம் இறங்கிச் சந்தை மூடிடுச்சு. அண்ணன் முதுகெலும்பு போச்சு. அன்னையிலேருந்து படுக்கை. யென்ஸுக்கு மூணு பாயிண்ட் ஆசை, வேணும்னே மூடினாருன்னு கார்ல் வீட்டுல பேச்சு. வண்டி தானா இறங்குச்சுன்னு யென்ஸ் ஒரு தடவை போய்ச் சொல்லிப் பார்த்தாராம், கதவைத் தொறக்கல. அதுக்கப்புறம் அவரும் சொல்றதை விட்டுட்டாரு.

பார்க்கர் துரைக்கு இது தெரியுமான்னு பில்கிட்ட கேட்டேன். தெரியும்னான். தெரிஞ்சும் ஜோடியாப் போட்டிருக்காரு. ஒரே தேசம், சரியாயிடும்னு அவர் கணக்கு.

திருச்சிக்கு வந்த முதல் வாரம் துரை எல்லாரையும் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னாரு. இங்கிலாந்துல ஒரு கிளப்புக்கு வெளிதேசத்து ஜோடி ஒண்ணு வேணுமாம். இவர் கை காட்டினா எடுத்துக்குவாங்க. ஆனா ஜோடியாத்தான். திருச்சி ரேஸ் முடியுற வரைக்கும் பார்ப்பேன், டென்மார்க்காரங்க ரெண்டு பேரும் ஜோடியா ஓட்டினா அனுப்புவேன், இல்லாட்டி பில்லையும் அவன் ஜோடியையும் அனுப்புவேன்னாரு. பில்லுக்கு அது பெரிசில்ல, இங்கிலாந்து இல்லாட்டி சிட்னி. கார்லுக்கு அப்படி இல்ல. அவனுக்கு அது இல்லாட்டி அப்பாவோட மீன்பிடிப் படகுதான். அண்ணன் படுத்துட்டான், வீட்டுல நிமிர்ந்து நிக்கிறவன் இவன் ஒருத்தன். இங்கிலாந்துல ஓட்டணும்னு பன்னெண்டு வயசுலேருந்து ஆசை. அதுவும் சேஷுகிட்ட சொல்லியிருக்கான்.

முதல் சனிக்கிழமை யென்ஸ் முன்னாடி போனாரு. திருப்பத்துல ஒதுங்கினாரு, திரும்பிப் பார்த்தாரு. உள்ளே ஒரு மாட்டு வண்டி போற அளவுக்குச் சந்து. கார்ல் போகல. வெளிப்பக்கமா சுத்திக்கிட்டு முந்தப் பார்த்தான். வெளியில சாம்பல் இளகிக் கிடக்கும், சக்கரம் புதைஞ்சுது, கடைசியா வந்தான். அடுத்த ரேஸும் அப்படியே. அதுக்கடுத்த சனிக்கிழமை வெளிப்பக்கம் போய் மரவேலியிலயே ஒரசினான். வேலியில ஒரு பலகை போச்சு, அவன் தோள்ல தோல் போச்சு. கொட்டகைக்கு வந்ததும் சேஷு மஞ்சளைக் குழைச்சு வச்சான். கார்ல் அதை மோந்து பார்த்துட்டு இது சாப்பிடறதான்னு கேட்டான்.

துரை தொப்பியைக் கழட்டிக்கிட்டே வந்தாரு. கார்லைக் கூப்பிட்டு, "உள்பக்கம் ஒரு வழி இருந்தது உன் கண்ணுல பட்டுதா?"ன்னு கேட்டாரு. பட்டுதுன்னான். "அப்படியா"ன்னாரு. அங்கேயே நின்னாரு. செயினா இருந்தா கழட்டி மாட்டலாம். கார்ல் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இரும்புச் செருப்பை அவுத்துக்கிட்டே இருந்தான். ரொம்ப நேரம் கழிச்சு துரை தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

அந்த வாரம் கொட்டகையே செத்த வீடு மாதிரி கிடந்துது. நானும் சேஷுவும் மட்டும் பேசிக்கிட்டு இருந்தோம். "உங்க ஆளு ஒரு தடவை உள்ளே பூந்தா என்னவாம்?"னு கேட்டேன். "உன் அண்ணன் பூந்து முதுகு போயிருந்தா நீ பூருவியாடா?"ன்னான். எனக்கு அண்ணன் இல்லன்னேன். "அதான் உனக்கு வாய் இவ்ளோ நீளம்"னான்.

கடைசி சனிக்கிழமை வந்துது. அன்னிக்கு ஜோடிக்கு ரெண்டு ரேஸ் மட்டும்தான் பாக்கி. துரை மத்தியானம் குச்சியோட நடந்தாரு. தண்ணி வண்டிக்குழாய் எங்கேயோ ஒழுகியிருக்கு, ரெண்டாவது திருப்பத்துல ஒரு இடத்துல குச்சி புசுக்குன்னு இறங்கிச்சு. காஞ்ச சாம்பலைக் கொட்டி மூடச் சொன்னாரு. மூடினாங்க. மேல பார்க்க நல்லாத்தான் இருந்துது.

சாயங்காலம் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி யென்ஸ் என்னைக் கூப்பிட்டாரு. கையுறையை மாட்டிக்கிட்டே மெதுவாச் சொன்னாரு. நான் வழக்கம்போல மசாலாவுக்கு வாயைத் தொறந்தேன். சொன்னது என்னன்னு புரிஞ்சதும் வாயை மூடிக்கிட்டேன். சேஷுகிட்ட போய் சொன்னது சொன்னபடியே சொன்னேன்.

"அவன் முன்னாடி போகட்டுமாம். இவர் பின்னாடி, உள்பக்கமா வருவாராம். சந்து விடறதும் மூடுறதும் அவன் இஷ்டமாம்."

சேஷு என் மூஞ்சியைப் பார்த்தான். "நீயா சேர்த்தது ஏதாவது உண்டா?"ன்னான்.

"ஒரு சொல்லு இல்ல."

அவனும் ஒண்ணும் சேர்க்காம இங்கிலீஷ்ல அப்படியே சொன்னான். கார்ல் கேட்டுக்கிட்டான். யென்ஸ் பக்கம் திரும்பல. கண்ணாடியைக் கீழே இறக்கிக்கிட்டு வண்டியில உக்காந்தான்.

பாதைக்குக் குறுக்கே கட்டியிருந்த நாடாவைத் தூக்கினதும் கார்ல் அம்பு மாதிரி கிளம்பினான். முதல் திருப்பத்துலயே முன்னாடி. பில் ஜோடி ரெண்டு பேரும் பின்தங்கிட்டாங்க. நேர்ப்பாதையில கார்ல் வெளிப்பக்கம் ஒதுங்கினான். எல்லாரும் எந்திரிச்சுட்டோம். அவன் இடது தோளுக்கு மேல திரும்பிப் பார்த்தான். யென்ஸ் ஒரு நொடி கூட யோசிக்கல, அந்தச் சந்துக்குள்ள வண்டியை விட்டாரு. ரெண்டு வண்டியும் ஏர்ல பூட்டின மாடு மாதிரி சேர்ந்து திரும்புச்சு. அடுத்த சுத்தும் அப்படியே. மூணாவது சுத்துல அந்த ரெண்டாவது திருப்பம். மேல கொட்டின சாம்பல் அதுக்குள்ள பறந்து போயிருக்கு, அடியில ஈரம். கார்ல் வண்டியோட பின்சக்கரம் அதுல ஏறினதும் பிடி விட்டுது. வண்டி அப்படியே உள்பக்கம் இறங்குச்சு. யென்ஸ் மேலேயே இறங்குச்சு.

யென்ஸ் தன் வண்டியைப் படுக்கப் போட்டாரு. வேற வழியில்ல. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவுல இருந்த புல்தரையில சறுக்கிக்கிட்டுப் போனாங்க. சிவப்பு விளக்கு போட்டு ரேஸை நிறுத்திட்டாங்க. கார்ல் வண்டியைக் கீழே தள்ளிட்டு ஓடினான். நானும் சேஷுவும் ஓடினோம்.

யென்ஸ் புல்லுல உக்காந்து காலரைப் பிரிச்சுச் சாம்பலை உதறிக்கிட்டு இருந்தாரு. முழங்கை ரத்தம், மத்தபடி முழுசா இருந்தாரு. கார்ல் அவர் முன்னாடி போய் முட்டி போட்டான். பேசினான். அவங்க பாஷையில. நிறுத்தாம பேசினான், கை ரெண்டும் ஆடுது, ஈரமான இடத்தைக் காட்டுறான், சக்கரம் போன தடத்தைக் காட்டுறான். யென்ஸ் கேட்டுக்கிட்டே இருந்தாரு. முடிவுல ரெண்டு வார்த்தை சொன்னாரு. அப்புறம் கையை நீட்டினாரு. கார்ல் பிடிச்சுத் தூக்கினான்.

நானும் சேஷுவும் சும்மா நின்னோம். கொண்டுபோய்ச் சேர்க்க எங்ககிட்ட ஒரு சேதியும் இல்ல.

துரை வேலியைத் தாண்டி வந்தாரு. தடத்துல குச்சியைக் குத்தினாரு, இறங்குச்சு. விழுந்தவருக்கு அந்த ரேஸ்ல இடம் கிடையாது, நிறுத்தக் காரணமா இருந்தவனுக்கும் கிடையாது. ஜோடிக்குச் சைபர். பாக்கி ஒரு ரேஸ். யென்ஸைப் பார்த்து, "இன்னொரு தடவை உக்காரலாம்னு நினைக்கிறியா?"ன்னாரு. யென்ஸ் வண்டியைக் காட்டினாரு. ஹாண்டில் பாரு ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிக்கிட்டுக் கிடந்துது.

அதைக் கழட்டி வேற மாட்டி, கிளட்ச் கம்பி மாத்தி, சங்கிலி ஏத்தி, ஃபுட்ரெஸ்ட் நிமித்தணும். நடுவுல ரெண்டே ரெண்டு ரேஸ் ஓடும், அவ்வளவுதான் அவகாசம். அந்த வேலையை நானும் சேஷுவும் ஒரு வார்த்தை பேசாம செஞ்சோம். நான் கையை நீட்டினா அதுல வேணுங்கிற ஸ்பேனர் இருந்துது. அவன் துடைக்கவே இல்ல. பக்கத்துல ரெண்டு பெட்டி மேல அந்த ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாங்க. வாயாடிங்க ஊமையாயிட்டோம், ஊமைங்க வாயாடி ஆயிட்டாங்க.

கம்பியை இழுத்துப் பார்க்கும்போது கார்ல் எந்திரிச்சு எங்ககிட்ட வந்தான். கேக்காமலே சேஷுகிட்ட இங்கிலீஷ்ல சொன்னான். சேஷு அதை எனக்குத் தமிழ்ல சொன்னான், பழக்கதோஷம். "வண்டியை நான் இறக்கலை, அது தானா இறங்கித்துன்னு சொன்னானாம். அவர் 'எனக்குத் தெரியும்'னாராம்."

நான் நட்டை இறுக்கினேன். வேற என்ன செய்யறது?

கடைசி ரேஸ்ல யென்ஸ் முன்னாடி போனாரு. நேர்ப்பாதையில ஒதுங்கினாரு. இடது தோளுக்கு மேல திரும்பிப் பார்த்தாரு. ரெண்டாவது திருப்பத்துல வேலியோரம் நின்ன துரையோட கை தொப்பிக்குப் போச்சு. கார்ல் உள்ளே பூந்தான். ஈரமான இடத்துக்கு இந்தாண்டையே, சந்தோட நடுவுல, கோடு போட்ட மாதிரி. நாலு சுத்தும் அப்படியே ஓடினாங்க. பின்னாடி பில் இடது பக்கம் முட்டிப் பார்த்தான், வலது பக்கம் முட்டிப் பார்த்தான், கதவு தொறக்கல. கார்ல் முதல், யென்ஸ் ரெண்டாவது. அஞ்சு பாயிண்ட், அவங்களுக்கு ஒண்ணு. கார்ல் இறங்கி வந்து சேஷுவைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினான். "என்னை விடச்சொல்லுடா"ன்னு சேஷு என்கிட்ட கத்தினான். நான் அந்தச் சேதியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கல.

ராத்திரி சாமான் கட்டும்போது துரை வந்தாரு. ரெண்டு பேரும் இங்கிலாந்து போறாங்கன்னு சொன்னாரு. அப்புறம் எங்களைப் பார்த்து ரொம்பத் திருப்தியா ஒரு கேள்வி கேட்டாரு. "ஒரே தேசத்து ஆளுங்களை ஒண்ணாப் போட்டா எல்லாம் தானாச் சரியாகும்னு நான் சொன்னேனா இல்லையா?"

சொன்னீங்க சார்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னோம். அவர் அந்தாண்டை போனதும் சேஷு, "தானா சரியாச்சாண்டா?"ன்னான். "ஆமா, வண்டி தானா இறங்கினதாலே"ன்னேன்.

அதுக்கப்புறம் கம்பெனியோட மதுரை, கொழும்புன்னு நானும் சுத்தினேன், நிறைய ரேஸ் பார்த்தேன். சொல்ல அதுல ஒண்ணும் இல்ல. சேஷு கல்யாணம் ஆகி வேலையை விட்டுட்டான், இப்பவும் பாலத்துல எதிர்ல வந்தா சைக்கிளை நிறுத்தி அரை மணி நேரம் என்னை வாரிட்டுத்தான் போவான். திருவெள்ளறைக்காரங்க ரெண்டு பேரையும் நான் பிரிச்சுப் போடச் சொல்லல, சேர்த்துப் போடவும் சொல்லல. வடை ஆறிப்போச்சு, அவ்வளவுதான். நேத்து ஒருத்தன் ஸ்பேனர் கேட்டான், இன்னொருத்தன் தரல, ஆனா எங்கே இருக்குன்னு கண்ணால காட்டினான்.

இங்கிலாந்து கிளம்பின அன்னிக்கு திருச்சி ஜங்ஷனுக்கு யென்ஸையும் கார்லையும் ஏத்திவிட நானும் சேஷுவும் போனோம். மெட்ராஸ் வண்டி, நல்ல கூட்டம். கார்ல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு முதல்ல ஏறினான். யென்ஸ் முழங்கைக் கட்டோட பின்னாடி. வாசப்படியில ஆள் நெருக்குது, கூடைக்காரி ஒருத்தி நடுவுல பூருறா. கார்ல் மேல் படியில நின்னு ஒரு பக்கமா ஒதுங்கினான். உள்பக்கம் கொஞ்சம் இடம் விட்டான். இடது தோளுக்கு மேல திரும்பிப் பார்த்தான்.

யென்ஸ் ஏறிப் போனாரு.